ஒரு வாரம் பூண்டு வேண்டாம்

என்று சொன்னதும் சிரித்துவிட்டார் வேலுத்தாய்.
பூம்பாறையில் அவர் வீட்டுப் பரணில்
நானூறு கிலோ பூண்டு புகை குடித்துத் தொங்குகிறது.
அதன் கீழேதான் அடுப்பு. அதன் கீழேதான் பாய்.
"மூச்சு விடலாமா சிஸ்டர்?"

விடலாம். தின்னத்தான் கூடாது.
ரத்தம் இளகிப்போய்
ஊசி இறங்கிய இடம் கன்றி நீலமாகும்.
கடையில் நீங்களாக வாங்கும் ஆஸ்பிரினும் அப்படித்தான்.
இருதயத்துக்கென்று டாக்டர் தந்தது என்றால் நிறுத்தாதீர்கள்,
எங்களிடம் சொல்லுங்கள், போதும்.
மீன் எண்ணெய் மாத்திரை?
"மீனே மாசத்துக்கு ஒருக்கா."
பிளீச், புருவம் திருத்துவது எல்லாம் இரண்டு நாள் முன்பே நிற்கட்டும்.
முகத்தில் கொப்புளம் கண்டால் வராதீர்கள், போன் போடுங்கள்.

மாதம் முப்பது பேரிடம் இதைச் சொல்கிறேன்,
ஏழு ரோடு முனையில், சாக்லேட் கடையின் மாடியில்.
இரண்டாம் சனிக்கிழமை மதுரையிலிருந்து டாக்டர் ஏறி வருவார்.
வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு கல்யாணம் இருக்கும்.
நகக்கண்ணில் மண்ணோடு வந்தவர் இவர் ஒருவர்தான்.

ஒட்டுப் பொட்டை எடுத்து
செல்போனின் முதுகில் ஒட்டிக்கொண்டார்.
பொட்டிருந்த வட்டம் மட்டும் வெளுப்பு,
மற்றதெல்லாம் ஆறாயிரம் அடி உயரத்து வெயில்.
மூடுபனியை நம்பாதீர்கள் என்றேன்,
அதற்குள்ளிருந்தும் சூரியன் கை நீட்டும்.
சன்ஸ்கிரீன் டியூபைப் புரட்டி
விலையை மட்டும் படித்தார்.

முகத்தைச் சுளிக்கச் சொன்னார் டாக்டர்.
புருவங்களுக்கு நடுவே இரண்டு வரப்பு எழுந்தன.
வெள்ளைப் பென்சிலால் ஐந்து புள்ளி.
வாசலில் கோடு இழுக்கப் புள்ளி வைப்போம்.
இது கோட்டை அழிக்க வைத்த புள்ளி.

முதல் குத்துக்கு "எறும்பு" என்றார்.
நாலாவதுக்கு ஒன்றும் சொல்லவில்லை.
துணியில் சுற்றிய ஐஸை ஒற்றி எடுத்தேன்,
தேய்க்கவில்லை.

யாரையும் கேட்காத நான் கேட்டேன்: எதற்கு?

"வடுகபட்டி சந்தையில துண்டுக்குள்ள விரலப் பிடிச்சு வெல பேசுவாங்க.
வாய் பேசாது. விரல் பொய் சொல்லும்.
இந்த நெத்தி இருக்கே,
இது சுருங்கினா இவ எறங்கிருவான்னு
அவனுகளுக்குத் தெரிஞ்சு போச்சு.
போன வருஷம் மூட்டைக்கு முந்நூறு விட்டேன்.
கணக்குப் போட்டுப் பாத்தேன் சிஸ்டர்,
ஊசி மலிவு."

அப்படியானால் நன்றாகக் கேளுங்கள்.
நான்கு மணி நேரம் படுக்கக் கூடாது, குனியக் கூடாது.
மூன்றரை பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பியில்
நெற்றி சாய்க்கக் கூடாது,
எந்த வளைவில் உங்களுக்குத் தூக்கம் வரும் என்று
உங்களுக்கே தெரியும்.
நாளை வரை சும்மாடு வேண்டாம், தலைச்சுமை வேண்டாம்,
அடுப்பு முன் உட்கார வேண்டாம்.
வலித்தால் தைலம் தேய்க்க வேண்டாம்.
குழந்தை வேலப்பரை நின்றபடியே கும்பிடுங்கள்,
நெற்றி மண்ணில் படுவதை இரண்டு நாள் கடன் சொல்லுங்கள்.
இமை தொங்கினால், விழுங்கச் சிரமமானால்
ராத்திரி என்றாலும் கூப்பிடுங்கள்.

"வேலப்பர் கிட்டயே கடனா"
என்று படியிறங்கினார், கழுத்தை நட்டுவைத்தாற்போல,
தலையில் குடம் இருப்பது போல.

பதினாலாம் நாள்.
போட்டோவுக்காகக் கோபப்படுங்கள் என்றேன்.
பட்டார்.
மூக்கு விடைத்தது, கண் சிவந்தது,
நெற்றி, காற்றில்லாத காலையின் ஏரி.

சந்தை?

"எறங்கல.
ஆனா அவன் இப்ப
துண்டுக்குள்ள விரல் நடுங்குதான்னு பாக்குறான்.
அதுக்கு ஊசி இருக்கா?"

இல்லை என்றேன்.
மடியிலிருந்து ஒரு பிடி மலைப்பூண்டை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.
இழுப்பறையில் போட்டேன், பஞ்சுக்குப் பக்கத்தில்.

அடுத்து வந்த ஹோட்டல்காரம்மா
உட்காரும் முன்பே மூக்கைச் சுருக்கினார்:
இங்கே என்ன வாசனை?